உருவம் கண்ணுக்குள் வரவில்லை, கேட் கோர்ஸை விட்டுவிடலாமா?

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து 21 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். நான்கு பக்கக் கடிதம், சுருக்கித் தருகிறேன்.

பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர். அப்புறம் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். ‘கேட்’ எனப்படும் கணினிவழி வடிவமைப்பு தெரிந்தால்தான் கம்பெனிகளில் எடுப்பார்கள் என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கித் தர, தனியார் பயிற்சி மையம் ஒன்றில் ஆறு மாத கோர்ஸில் சேர்ந்தார். கட்டணம் 45,000 ரூபாய். அதில் 30,000 கட்டியாகிவிட்டது. மூன்று மாதமும் ஓடிவிட்டது.

ஆட்டோகேடில் 2டி வரைபடம் போட வருகிறது. சாலிட்ஒர்க்ஸில் 3டி மாடலுக்குப் போனதிலிருந்துதான் சிக்கல். பயிற்சியாளர் திரையில் செய்துகாட்டினால் கூடவே செய்துவிடுகிறார். யூடியூப் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் செய்துவிடுகிறார். ஆனால் ஒரு பொருளை முன்னாலிருந்து, மேலிருந்து, பக்கத்திலிருந்து பார்த்த மூன்று தோற்றங்களை (வியூ) காட்டும் புது டிராயிங் ஒன்றைக் கையில் கொடுத்தால் எங்கே தொடங்குவது என்றே தெரிவதில்லை. “மூன்று வியூவும் மூன்று தனிப் படமாகத்தான் தெரிகிறது, ஒரே பொருளாகத் தெரியவில்லை” என்கிறார். தட்டுத்தடுமாறி முடித்தாலும், திருப்பிப் பார்த்தால் பல நேரம் துளை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. திரையில் சிவப்பு நிறம் வந்தால் பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்.

பேட்ச்சில் பன்னிரண்டு பேர், அதில் பெண்கள் இரண்டே பேர். பக்கத்து சீட் பையன் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு மொபைலில் கேம் ஆடுகிறான். பயிற்சியாளர் ஒருநாள், “உனக்கு இமேஜினேஷன் கம்மிம்மா, பொண்ணுங்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான், 2டியோட நிறுத்திக்க” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். இணையத்தில் ஒரு சோதனை எடுத்துப் பார்த்ததில், ‘நீங்கள் கேட்டுக் கற்பவர்’ என்று முடிவு வந்திருக்கிறது. பார்த்துக் கற்கும் மூளையே தனக்கு இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டார். இந்த மூன்று மாதத்தில் வகுப்பில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. இரவில் சரியாகத் தூக்கம் வருவதில்லை. வகுப்புக்குப் போகும் பஸ்ஸிலேயே வயிற்றைப் புரட்டுகிறது.

கேள்விகள் மூன்று. எனக்கு இது பிறவியிலேயே வராதா? மீதி 15,000-ஐக் கட்டாமல், கட்டியதையும் திரும்ப வாங்கிக்கொண்டு, அத்தை சொல்லும் சாப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸுக்குப் போய்விடலாமா? மூன்றாவது, இடது கைப் பழக்கம் பற்றிய ஒரு சின்னக் கேள்வி. அதைக் கடைசியில் பார்ப்போம்.

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை, துளை எதிர்ப்பக்கம் போய்விடுகிறது என்ற வரியில் நின்றுவிட்டேன். நான் கல்வி உளவியல் ஆலோசகர், வடிவமைப்புப் பொறியாளர் இல்லை. ஆனாலும் பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களோடு நெடுங்காலமாகப் பேசி வருவதால் இந்தத் தவறு எனக்கு நன்றாகப் பழக்கம். நீங்கள் மூளைக் குறைபாடு என்று நினைப்பதில் ஒரு பகுதிக்கு மூளையோடு சம்பந்தமே இல்லை. அதை முதலில் தள்ளிவிட்டால் மிச்சமிருப்பதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

துளை ஏன் எதிர்ப்பக்கம் போகிறது?

எந்த வியூவைத் தாளில் எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. டிப்ளமோவில் நீங்கள் படித்தது ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரைபட நெறிகள் அதைத்தான் பின்பற்றுகின்றன. அதில் டாப் வியூ, ஃப்ரண்ட் வியூவுக்குக் கீழே வரும். இடப்பக்கமிருந்து பார்த்த தோற்றம் வலப்பக்கத்தில் வரும். அமெரிக்காவில் தேர்ட் ஆங்கிள். அங்கே டாப் வியூ மேலே இருக்கும், வலப்பக்கத் தோற்றம் வலப்பக்கத்திலேயே இருக்கும். பயிற்சி மையங்களில் கொடுக்கும் மாதிரித் தாள்களில் பல, இணையத்திலிருந்து எடுத்த அமெரிக்கப் படங்கள். நீங்கள் படித்த பழக்கத்தில் அதைப் படித்தால், வலப்பக்கத்துத் துளையை இடப்பக்கத்தில்தான் போடுவீர்கள். உங்கள் மனம் சரியாகவே வேலை செய்திருக்கிறது. எந்த முறை என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இனி எந்தத் தாள் கைக்கு வந்தாலும் முதலில் தலைப்புக் கட்டத்தை, அதாவது வரைபடத்தின் பெயரும் விவரமும் எழுதியிருக்கும் கட்டத்தைப் பாருங்கள். நுனி வெட்டிய கூம்பும், அதன் பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டமும் போட்டிருக்கும். வட்டங்கள் கூம்பின் சிறிய முனைப் பக்கம் இருந்தால் தேர்ட் ஆங்கிள். பெரிய முனைப் பக்கம் இருந்தால் ஃபர்ஸ்ட் ஆங்கிள். குறியீடு இல்லாத தாளாக இருந்தால் பயிற்சியாளரிடம் கேளுங்கள். வேலை தெரிந்தவர்களும் கேட்கிற கேள்விதான் இது. இதைக் கேட்டால் யாரும் உங்களை மட்டமாக நினைக்க மாட்டார்கள்.

இமேஜினேஷன் பிறவிச் சொத்தா?

உருவத்தை மனதுக்குள் திருப்பிப் பார்க்கும் திறமை ஆளுக்கு ஆள் உண்மையாகவே வேறுபடுகிறது. ஆறுதலுக்காக அதை மறைக்க மாட்டேன். 1971-இல் ரோஜர் ஷெப்பர்ட், ஜாக்குலின் மெட்ஸ்லர் என்ற இருவர் புகழ்பெற்ற ஒரு சோதனை செய்தார்கள். சின்னச் சின்னக் கனசதுரங்களை ஒட்டிச் செய்தது போன்ற இரண்டு உருவங்களைக் காட்டி, இரண்டும் ஒன்றுதானா, ஒன்றை மட்டும் திருப்பி வைத்திருக்கிறதா என்று கேட்டார்கள். எவ்வளவு டிகிரி திருப்பியிருந்ததோ, அதற்கு ஏற்ற நேர்விகிதத்தில் பதில் சொல்ல நேரம் கூடியது. கையில் ஒரு பொருளைத் திருப்புவது போலவே மனமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்புகிறது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டார்கள். ஆக, மூன்று வியூவைப் பார்த்த உடனே உருவம் பளிச்சென்று தோன்ற வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பதே தவறு. நேரம் எடுக்கும். ஐந்து நிமிடம் தாளைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். தாள் வந்து பத்தாவது நொடியில் கை மௌஸுக்குப் போவதுதான் உங்கள் பிரச்சினை என்று சந்தேகப்படுகிறேன்.

பெண்கள் விஷயம். இந்த ஒரு திறமையில் ஆண்களின் சராசரி சற்று மேலே இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆனால் சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிய பேச்சு. ஆண்களைவிட நன்றாகச் செய்யும் பெண்கள் எல்லா ஆய்விலும் உண்டு. அதைவிட முக்கியம், அந்த இடைவெளி கல்லில் எழுதியது இல்லை. டொரன்டோ பல்கலைக்கழகத்தில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து மணி நேரம் ஆக்‌ஷன் வீடியோ கேம் ஆடவைத்ததிலேயே உருவம் திருப்பும் திறமை கூடியது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாகக் கூடியது. பக்கத்து சீட் பையன் மொபைலில் ஆடுகிறான் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? சிறு வயதிலிருந்து சைக்கிளைப் பிரித்து மாட்டியது, பட்டறையில் நின்று வேடிக்கை பார்த்தது, கேம் ஆடியது என்று அவனுக்குப் பல வருடப் பயிற்சி இருந்திருக்கலாம். நீங்கள் இருவரும் ஒரே நாளில் வகுப்பில் சேர்ந்தீர்கள். ஒரே நாளில் கற்கத் தொடங்கவில்லை.

இன்னொருவர் கதையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் டெக்னலாஜிக்கல் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சார்பி என்ற பேராசிரியை இருந்தார். மாணவியாக இருந்த காலத்தில் பொறியியல் வரைபடப் பாடம் அவருக்கே கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்ததாம். 1993-இல் அவரும் சக ஆசிரியர் ஒருவரும், முதலாண்டு மாணவர்களுக்கு உருவத்தைத் திருப்பும் சோதனை ஒன்றை வைத்து, 60 சதவீதமோ அதற்குக் கீழோ எடுத்தவர்களுக்கென்று தனி வகுப்பு தொடங்கினார்கள். அந்தச் சோதனையில் தவறும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு மூன்று மடங்கு இருந்தது. வகுப்பில் செய்தவற்றில் எளிய வேலைகள் பல உண்டு. கனசதுரக் கட்டைகளை அடுக்குவது, அதைப் பல பக்கமிருந்து பார்த்துப் பென்சிலால் கையால் வரைவது, வெட்டினால் எப்படித் தெரியும் என்று வரைவது. பயிற்சி எடுத்தவர்களின் மதிப்பெண் ஏறியது. பெண்கள் பாதியில் பொறியியலை விட்டுப் போவதும் குறைந்தது. 2013-இல் டேவிட் உட்டலும் அவர் குழுவினரும் இப்படிப்பட்ட 217 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இந்தத் திறமை பயிற்சியால் வளர்கிறது, வளர்ந்தது நிலைக்கவும் செய்கிறது என்று முடிவு சொன்னார்கள்.

“இமேஜினேஷன் கம்மி” என்று உங்கள் பயிற்சியாளர் சொன்னதை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். இன்றைய நிலை பற்றி அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ‘அதனால் 2டியோடு நிறுத்திக்கொள்’ என்று முடித்தது தவறு. அதைப் பத்துப் பேர் முன்னால் சொன்னது அதைவிடப் பெரிய தவறு.

சோப்புக் கட்டி, முறுக்கு அச்சு, புள்ளிக் கோலம்

வீட்டிலேயே செய்யக்கூடியது இது. துணி துவைக்கும் பார் சோப்பை மூன்று துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். பயிற்சித் தாளில் இருக்கிற எளிய பிராக்கெட் ஒன்றை எடுத்து, அதன் மூன்று வியூவையும் சோப்பின் மூன்று முகத்தில் ஆணியால் கீறி, கத்தியால் செதுக்குங்கள். முதல் சோப்பு பாழாகும், பரவாயில்லை, துணிக்குப் போடலாம். மூன்று படம் ஒரு பொருளாக மாறுவதை உங்கள் கையே உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும். செக்‌ஷன் வியூ புரியவில்லை என்றால் கத்தரிக்காயையும் பாகற்காயையும் நெட்டாக, குறுக்காக, சாய்வாக வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன் உள்ளே எப்படித் தெரியும் என்று வரைந்துவைத்து, வெட்டியபின் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ‘முன்கூட்டி வரைவது’தான் பயிற்சி. வெட்டுவதை அம்மா தினமும்தான் செய்கிறார்.

கோலம் நன்றாகப் போடுவேன், இது மட்டும் ஏன் வரவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கோலம் தரையில் கிடக்கும் 2டி. அதனால் கோலம் வந்தால் 3டி தானாக வந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் உங்களிடம் ஒரு சாமான் ஏற்கனவே தயாராக இருக்கிறது. ஐசோமெட்ரிக் (பொருளின் மூன்று பக்கமும் ஒரே படத்தில் தெரியும்படி வரைவது) வரைய விற்கிற புள்ளித் தாளும் நம் இடுக்குப் புள்ளியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 15-8 இடுக்குப் புள்ளி வைத்துக்கொண்டு தாளைக் கால் சுற்றுத் திருப்புங்கள். செங்குத்தாக ஒன்று, இரண்டு பக்கமும் சாய்வாக ஒவ்வொன்று என்று மூன்று திசைக் கோடு கிடைக்கும். அதிலே ஒரு கட்டை, கட்டைமேல் கட்டை, நடுவில் ஒரு வெட்டு என்று தினமும் இரண்டு உருவம் வரையுங்கள். ஸ்கேல் வேண்டாம், கையாலேயே போடுங்கள். புள்ளியைப் பார்த்தே கோட்டைக் கொண்டுபோகும் பழக்கம் உங்கள் விரலில் இருக்கிறது. வகுப்பில் அந்தப் பத்துப் பையன்களுக்கு அது இருக்குமா என்பது சந்தேகமே.

கட்டளைகளின் ஆங்கிலப் பெயரும் உங்களைப் பயமுறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். எக்ஸ்ட்ரூட் என்பது முறுக்கு பிழிவது. அச்சின் துளை எந்த வடிவமோ அதே வடிவத்தில் மாவு நீளமாக வெளியே வருகிறது. ரிவால்வ் என்பது குயவர் சக்கரம். ஒரு பாதி வெளிக்கோடு அச்சைச் சுற்றி வந்தால் பானை. ஷெல் என்பது சுரைக்காயைக் குடைந்து குடுக்கை ஆக்குவது. உங்கள் நோட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் இப்படி வீட்டுப் பொருள் ஒன்றை எழுதிவையுங்கள். தமிழ் வழியில் படித்தது இந்த வேலைக்குத் தடை இல்லை. மொத்தமாக ஐம்பது, அறுபது சொற்கள் பழகினால் அன்றாட வேலைக்குப் போதும்.

வீடியோவைப் பார்த்தால் வருகிறது, தனியாக வரவில்லை

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையாகவே கவலை தந்தது இதுதான். டிப்ளமோவில் மெஷின் டிராயிங்கை மனப்பாடம் செய்துதான் பாஸ் செய்தேன் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறீர்கள். அதே பழக்கம் இங்கேயும் தொடர்கிறது. அங்கே கோடுகளை மனப்பாடம் செய்தீர்கள், இங்கே கிளிக்குகளை.

எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன நடக்கும் என்பது ஓர் அறிவு. இந்தப் பொருளை எந்த வரிசையில் கட்டுவது என்பது வேறோர் அறிவு. சுரேஷ் பவ்னானி, போனி ஜான் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கேட் பயன்படுத்துபவர்களைக் கவனித்து, கட்டளைகள் நன்றாகத் தெரிந்தவர்கள்கூடப் பல வருட அனுபவத்துக்குப் பிறகும் சுற்றுவழியிலேயே வேலை செய்வதை எழுதியிருக்கிறார்கள். காரணம், இரண்டாவது அறிவை யாரும் தனியாகச் சொல்லித் தருவதில்லை. அது தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். சிலருக்குத் தானாக வருகிறது. மனப்பாடப் பழக்கம் உள்ளவர்களுக்கு வருவதில்லை.

ஆகவே மௌஸைத் தொடுவதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் நான்கு வரி எழுதுங்கள். இந்தப் பொருளின் பெரிய உடம்பு (பேஸ் ஃபீச்சர்) எது? அதை எந்தப் பிளேனில் (வரையும் தளத்தில்) வரைந்தால் சுலபம்? அதோடு என்னென்ன ஒட்டுகிறது? அதிலிருந்து என்னென்ன வெட்டப்படுகிறது? துளைகளும், முனை மழுக்கும் ஃபில்லட்டும் கடைசிக்கு. உங்கள் பக்கத்து ஊர்களில் பம்ப் தொழிற்சாலைகள் நிறைய. ஒரு பம்ப்பின் வெளிக்கூட்டைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். கீழே ஒரு பலகை, மேலே ஓர் உருளை, பக்கத்தில் ஒரு குழாய் என்று பிரித்து எழுதியபின் அது தெரிந்த பொருளாகிவிடும்.

வீடியோவை விட வேண்டாம், பார்க்கும் முறையை மாற்றுங்கள். ஒவ்வொரு படிக்கும் முன்னால் நிறுத்தி, அடுத்து அவர் என்ன செய்வார் என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். முழுதும் பார்த்தபின் மூடிவிட்டுத் தனியாகச் செய்யுங்கள். மாட்டிக்கொண்டால் திறந்து அந்த ஓர் இடத்தை மட்டும் பாருங்கள்.

சிவப்பைப் பார்த்துப் பயப்படுவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாலிட்ஒர்க்ஸ் ஸ்கெட்ச்சில் நீலக் கோடு என்றால் இன்னும் அளவு முழுதாகக் கொடுக்கவில்லை. கறுப்பு என்றால் எல்லாம் தீர்மானமாகிவிட்டது. சிவப்போ மஞ்சளோ வந்தால், நீங்கள் கொடுத்த அளவுகளில் ஏதோ இரண்டு ஒன்றோடொன்று முட்டுகிறது. அநேகமாகக் கடைசியாகக் கொடுத்ததுதான். கன்ட்ரோல் இசட் ஒரு தடவை போதும். இடப்பக்கம் நீங்கள் செய்த ஒவ்வொரு படியும் வரிசையாக இருக்கிறது, எந்தப் படிக்கும் திரும்பிப் போய்த் திருத்தலாம். இந்த மென்பொருளைக் கட்டியதே அதற்காகத்தான். எல்லாவற்றையும் அழிக்கும்போது தவறையும் சேர்த்து அழித்துவிடுகிறீர்கள். அது எங்கே நடந்தது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு போய்விடுகிறது. நேரமும் போகிறது. அந்தப் பையன் இருபது நிமிடத்தில் முடிப்பதற்கும் உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆவதற்கும் இது ஒரு பெரிய காரணமாக இருக்கலாம்.

உங்கள் இயல்புகள்

‘கேட்டுக் கற்பவர்’ சோதனையை மறந்துவிடுங்கள். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று மாணவர்களைப் பிரித்து, அவரவர் பாணியில் சொல்லித் தந்தால் நன்றாகக் கற்பார்கள் என்ற கருத்தை 2008-இல் ஹால் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். அதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லி வாங்கிய ஒரு பெயரை வைத்துத் தொழிலை முடிவு செய்ய வேண்டாம்.

கூச்சம், பதற்றம், எதையும் சரியாகச் செய்ய வேண்டும் என்ற கண்டிப்பு, இவை உங்கள் இயல்பில் இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. கூச்சத்தால் கேட் கற்பது நிற்காது. கேள்வி கேட்காமல் இருப்பதால் நிற்கும். இந்த இரண்டையும் நீங்கள் ஒன்றாக்கிவிட்டீர்கள். எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டியதில்லை. வகுப்பு முடிந்ததும், அல்லது தொடங்கும் முன் பத்து நிமிடம் முன்னால் போய், அந்த நான்கு வரித் தாளைக் காட்டி, “சார், இதுல பேஸ் ஃபீச்சரா இதை எடுத்தது சரியா?” என்று கேளுங்கள். “புரியல சார்” என்று சொல்வதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். இந்த மாதிரிக் கேள்விக்குப் பெரும்பாலான ஆசிரியர்கள் நின்று பதில் சொல்வார்கள். அந்த இன்னொரு பெண்ணோடு ஏன் பேசிப் பார்க்கக் கூடாது? அவரும் உங்களைப் போலவே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் நிறைய எழுதியிருக்கிறார். மற்றவர் தட்டிக்கொடுப்பதைவிட, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம்தான் அதற்கு வலுவான ஊற்று என்பது அவர் கருத்து. அதனால் உங்களுக்கு இப்போது தேவை கஷ்டமான டிராயிங் இல்லை. வீடியோ இல்லாமல், யாரும் சொல்லாமல், நீங்களே முடிக்கக்கூடிய சின்ன டிராயிங் இருபது. ஒவ்வொன்றையும் தேதி போட்டுச் சேமித்துவையுங்கள்.

கண்டிப்பான இயல்பு பற்றி ஒரு வார்த்தை. வடிவமைப்புத் துறையில் வரைபடத்தைச் சரிபார்ப்பது ஒரு தனி வேலை. ஒரு மில்லிமீட்டர் தவறினால் வார்ப்படமே வீணாகும் இடத்தில், உங்களைப் போல நான்கு தடவை பார்க்கிற ஆள் தேவைப்படுகிறார். அந்த இயல்பை மாற்றிக்கொள்ள முயலாதீர்கள்.

தூக்கமின்மையையும் வயிற்றுப் புரட்டலையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே சொன்னவற்றைச் செய்தும் இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன்பே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

பணமும் உரிமையும்

கட்டிய 30,000 திரும்பக் கிடைக்குமா? மனம் மாறிவிட்டது என்ற காரணத்துக்காகக் கேட்டால், மூன்று மாதம் வகுப்புக்குப் போன பிறகு, கிடைப்பது கடினம். ஆனால் சேரும்போது கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை என்றால் நிலைமை வேறு. ஆளுக்கு ஒரு கணினி என்று சொல்லி இரண்டு பேருக்கு ஒன்று தருவது, சொன்ன மணி நேரத்தை நடத்தாமல் விடுவது, வேலை உறுதி என்று எழுதிக்கொடுத்துவிட்டுக் கைவிரிப்பது, இவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாடு என்று வாதாட இடமுண்டு. ரசீது, விளம்பரத் துண்டு, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் எழுத்தில் மையத்திடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே புகார்க் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். இந்தப் பாதையில் இறங்குவதாக இருந்தால் வழக்கறிஞர் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டிவிடுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

என் ஆலோசனை, இப்போது விட வேண்டாம் என்பதே. எட்டு வாரம் கொடுங்கள். மீதி 15,000-ஐ ஒரே தடவையில் கட்டாமல் இரண்டு தவணையாகக் கேளுங்கள். உங்களைத் திணறடித்த டிராயிங் ஒன்றை எடுத்து, இன்றைய தேதி போட்டு மடித்துவையுங்கள். எட்டு வாரம் கழித்து, அதே அளவு கடினமான வேறொரு தாளை வீடியோ இல்லாமல் செய்துபாருங்கள். முன்னேற்றம் தெரிந்தால் தொடருங்கள். துளிக்கூட நகரவில்லை என்றால் அப்போது விடுவது தோல்வி ஆகாது. செலவு தெரிந்து எடுத்த முடிவு அது.

சாப்ட்வேர் டெஸ்டிங் பற்றி அத்தை நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அதற்கு இன்னொரு கடன் வேண்டும். மூன்று வருட மெக்கானிக்கல் படிப்பு ஒரு பக்கம் போய்விடும். அந்த வேலை பிடித்துப் போனால் சரி. 3டிக்குப் பயந்து போனால், அங்கேயும் முதல் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் இதே பயம் வரும். 3டி மாடலிங் பிடிக்கவில்லை என்றால் மெக்கானிக்கலுக்குள்ளேயே தரக் கட்டுப்பாடு, சிஎன்சி (கணினி இயக்கும் இயந்திரம்) புரோகிராமிங், 2டி டீட்டெய்லிங் என்று வழிகள் உண்டு. டிப்ளமோ முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு தொழிற்சாலையில் ஒரு வருடம் பழகும் அப்ரண்டிஸ் பயிற்சியும் இருக்கிறது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் டிராயிங் படிக்கத் தெரிய வேண்டும். அதனால் சோப்புக் கட்டியும் புள்ளித் தாளும் எந்தப் பக்கம் போனாலும் வீணாகாது.

நண்பர் தருவதாகச் சொன்ன ‘கிராக்’ மென்பொருளை வாங்க வேண்டாம். அது சட்டவிரோதம், வைரஸும் கூடவே வரும். மாமாவின் பழைய லேப்டாப் இருக்கிறது என்றீர்களே, அதில் ஃப்ரீகேட் போட்டுப் பாருங்கள். முழுதும் இலவசம். 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தது. பட்டன்கள் வேறு இடத்தில் இருக்கும். ஆனால் ஸ்கெட்ச், எக்ஸ்ட்ரூட், ரிவால்வ் என்ற யோசனை ஒன்றுதான். இரண்டு மென்பொருளில் ஒரே பொருளைக் கட்டிப் பார்த்தால், கிளிக்கை மனப்பாடம் செய்யவே முடியாது. உங்களுக்கு அது ஒரு நல்ல மருந்து.

கடைசியாக, இடது கை. பயிற்சியாளர் மௌஸை வலது கையில்தான் பிடிக்க வேண்டும் என்கிறார், அது கட்டாயமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் இல்லை. விண்டோஸ் அமைப்பில் மௌஸ் பட்டன்களை மாற்றிக்கொள்ளலாம், வகுப்பு முடிந்ததும் அடுத்தவருக்காகத் திருப்பி வைத்துவிடுங்கள். ஆனால் மூன்று மாதமாக வலது கையில் பிடித்துப் பழகியிருந்து, வலியோ தடுமாற்றமோ இல்லை என்றால் அப்படியே விடலாம். வலது கை மௌஸில் இருக்க, இடது கை பென்சிலோடு பக்கத்துத் தாளில் இருக்கும். மௌஸை விடாமலே வரைந்து பார்த்துக்கொள்ள உங்களால் முடியும்.